ஆறு மாதமாக வராதவர்கள்

நூலக வாசலில் அந்த இயந்திரத்தை நிறுத்திய அன்று சீல் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருடமாகப் புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக் கொடுத்தவள் என்பதால் வாசகர்கள் வைத்த பெயர் அது. இனி அவர்கள் புத்தகத்தை இயந்திரத்தின் மேல் வைத்தால் போதும். ‘பீப்’ என்று கத்திவிட்டு அதுவே பதிந்துகொள்ளும்.

“சரிதான், இனிமே நான் ஈ ஓட்ட வேண்டியதுதான்” என்றாள் நூலகரிடம்.

நூலகர் அவளைவிட வயதில் சிறியவர். வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். கம்ப்யூட்டரைத் தட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆறு மாதமாகப் புத்தகமே எடுக்காத நாற்பத்து மூன்று பேரின் பட்டியல்.

“முன்னாடி இதைக் கண்டுபிடிக்க அட்டையைப் புரட்டியே ஒரு வருஷம் ஓடிடும். போன் பண்ணி ஏன் வரலைன்னு கேளுங்கக்கா.”

‘ஆள் பிடிக்கிற வேலையா!’ என்று முனகிக்கொண்டே போனை எடுத்தாள். ஒருவர் வீடு மாறியிருந்தார். ஒருத்தி, “குழந்தை தூங்குது” என்று வைத்துவிட்டாள். பதினோராவது பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். வாரம் தவறாமல் மூன்று துப்பறியும் கதைகள் எடுத்துப் போவாரே! அவர் வராமல் போனதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம்?

மருமகள்தான் பேசினாள். “மாமாவுக்குப் பார்வை போயிடுச்சுங்க. சர்க்கரை. நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காரு. எங்ககூட ரெண்டு வார்த்தை பேசினாலே அதிசயம்.”

மறுநாளே சீல் அக்கா அவர் வீட்டில் நின்றாள். நூலகத்தின் மின்நூல் ஒன்றை மருமகளின் போனில் ஏற்றி, போனையே வாசிக்கவிட்டாள். டிரைவர் அரை நிமிடம் கேட்டுவிட்டுக் கையை உதறினார்.

“நிறுத்தும்மா! கொலைகாரனும் போலீசும் ஒரே குரல்ல பேசிக்கிறானுங்க. பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனிதர் சொன்னது நியாயம்தான். திரும்பி வந்தவள் நூலகரிடம், “நானே படிச்சுப் பதிவு பண்ணட்டுமா சார்?” என்று கேட்டாள். பழைய அட்டைப் பெட்டிகள் அடைத்துக் கிடந்த சின்ன அறையை நூலகர் காலி செய்து கொடுத்தார். எதிரொலி அடங்க, தன் வீட்டிலிருந்து இரண்டு கம்பளிகளைக் கொண்டுவந்து அவரே சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

முதல் அத்தியாயம் போய்ச் சேர்ந்த அன்றே டிரைவர் போன் செய்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா திருடனுக்கு எதுக்கும்மா இவ்வளவு மரியாதை? கொஞ்சம் அதட்டிப் பேசு.”

அடுத்த அத்தியாயத்தில் அவள் போட்ட அதட்டலில், வாசிப்பு அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தொடர்ந்து போன் செய்ததில், பட்டியலில் பார்வை மங்கியவர்கள் இன்னும் நால்வர் இருப்பது தெரிந்தது. அவர்களுக்கும் பதிவுகள் போயின. விஷயம் கேள்விப்பட்டு ஒரு நர்ஸும் ஒரு தையல்காரரும் தாங்களாகவே வந்து, ஆளுக்கொரு புத்தகம் படித்துக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மருமகளின் தோளைப் பிடித்தபடி டிரைவரே நூலகத்துக்கு வந்தார். “உன்னைப் பார்க்க முடியாது, தெரியும். நேர்ல வந்து நன்றி சொல்லணும்னு தோணுச்சு” என்றார்.

“இப்பல்லாம் சாப்பிடும்போது கதையைப் பத்தி ரெண்டு பேரும் சண்டை போடறோம்” என்றாள் மருமகள். “யார் கொலை செஞ்சிருப்பான்னு.”

“அவ சொல்றதெல்லாம் தப்பு” என்றார் டிரைவர், சிரிக்காமல்.

அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, சீல் அக்கா நேராக நூலகர் அறைக்குப் போனாள்.

“அன்னைக்கு என்னை மூலையில உட்கார வைக்காம, அந்தப் பட்டியலைக் கையில கொடுத்தீங்களே... ரொம்ப நன்றி சார்.”

நூலகருக்குக் கூச்சமாகிவிட்டது. “இன்னும் முப்பத்திரண்டு பேருக்குப் போன் பண்ணணும்னு அன்னைக்குச் சொன்னீங்களேக்கா” என்றார்.

“பதினெட்டுதான் பாக்கி” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.