கேளாமல் காட்டிய முகம்

ரத்தினம்மாள் காபியைத் தொடவில்லை.

"ஆறிப்போவுது அண்ணி, எடுத்துக்குங்க" என்று பூவம்மாள் இரண்டாம் தடவையும் சொல்லிப் பார்த்தாள். ரத்தினம்மாள் டம்ளரைப் பார்த்தாள்; அதை வைத்துவிட்டு விலகிய கையைப் பார்த்தாள். அவள் புருஷன் ராஜமாணிக்கம் வாசற்படி தாண்டி உள்ளே வரவேயில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

பத்து நாளைக்கு முன்பு இதே கூடத்தில்தான் தட்டு மாற்றினார்கள். பூவம்மாளின் பெண் மனோரமாவுக்கு அரக்குச் சேலை, ரத்தினம்மாளின் பையன் வேதாசலத்துக்குப் பட்டுக்கரை வேட்டி. வைகாசியில் முகூர்த்தம் என்று பேச்சு. அந்த வேட்டியை ரத்தினம்மாள் இப்போது மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து பூவம்மாளின் புருஷன் துளசிங்கத்தின் முன்னால் வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணா. எங்க வூட்லயும் கட்டிக் குடுக்கப் பொண்ணு இருக்குது."

துளசிங்கம் பேசத் தெரியாத மனிதர். "நல்லாயிடுச்சும்மா. டாக்டரே சொல்லிட்டாரு. பாருங்க, கையி காலு எல்லாம் சுத்தமா..." என்று மனைவியின் கையைப் பிடித்துக் காட்டப் போனார். பூவம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் இன்னா பண்றது? தெருவே உக்காந்து பாத்துச்சே!" என்றாள் ரத்தினம்மாள்.

"இரும்மா. சேலையை எடுத்தாறச் சொல்றேன்" என்று துளசிங்கம் எழுந்தார்.

ரத்தினம்மாள் அவசரமாகக் கையை ஆட்டினாள். "வாணாம், வாணாம். சேலை இங்கயே இருக்கட்டும். உங்க வூட்ல இருந்ததாச்சே."

உள்ளே மனோரமா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. அவர்கள் இருவரும் தெருவில் இறங்கி மறைந்த பிறகும் அது கேட்கவில்லை.

பூவம்மாளுக்கு அந்த வியாதி வந்தது மனோரமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். முழங்கைக்குப் பக்கத்தில் வெளிறிய தேமல் ஒன்று. அடுப்பில் பால் பொங்கிக் கையில் கொட்டியபோது, தோல் வெந்துபோயிருந்தும் அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது. துளசிங்கம் ஒருவரிடமும் மூச்சுவிடாமல் அவளை அரக்கோணம் சாலையில் இருக்கும் தேவதயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஊரில் அதை மிஷன் ஆஸ்பத்திரி என்பார்கள்.

அங்கேதான் ஞானம்மாள் இருந்தாள். தெற்குச் சீமையிலிருந்து வந்து, கல்யாணம் காட்சி இல்லாமல், நோயாளிகளோடேயே தலை நரைத்துப்போன நர்ஸ். பூவம்மாள் கையை நீட்டத் தயங்கி முந்தானைக்குள் ஒளித்தபோது, ஞானம்மாள் அதை வெளியே இழுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். கையுறை போடவில்லை. முகம் சுளிக்கவில்லை.

"இது பாவமும் இல்ல, சாபமும் இல்ல பிள்ளே. கிருமி. மாத்திரை தின்னா செத்துப்போகும்."

"வெளிய தெரிஞ்சா எங்கள ஒதுக்கி வெச்சிடுவாங்க சிஸ்டரம்மா."

"என் வாயில இருந்து ஒரு சொல் போகாது."

பூவம்மாள் அன்றைக்கு அழுத அழுகை, பெற்ற தாய் செத்தபோதுகூட அழாதது.

மாதாமாதம் கிருத்திகைக்கு மலைக்குப் போகிறேன் என்று தெருவில் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். முதலில் ஆஸ்பத்திரி, மாத்திரையை இடுப்பில் முடிந்துகொண்டு பிறகு மலை. விபூதிப் பொட்டலத்தோடு திரும்புகிறவளை யார் சந்தேகப்படுவார்கள்? "பூவம்மாளுக்கு முருகன் மேல என்னா பக்தி!" என்றார்கள். பக்தியும் இருந்தது. முருகனுக்குப் பக்கத்தில் ஞானம்மாளையும் வைத்துத்தான் அவள் கும்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தம்பிடி கேட்டதில்லை. காலையில் ஜெபம் நடக்கும். உட்கார் என்று கட்டாயப்படுத்தியதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. தேமல் இருந்தபோது ஒரு படமும், குணமான பிறகு ஒரு படமும் எடுத்துக்கொண்டார்கள். "படிக்கிற டாக்டர்மாருக்குப் பாடம் நடத்த. வேற ஒருத்தரும் பாக்கமாட்டாங்க" என்றாள் ஞானம்மாள். பூவம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். தர்மத்துக்கு வாங்கித் தின்றவளுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் ஏது?

அப்புறம் பூரணமாகக் குணமாகிவிட்டது. டாக்டர் இனி வரவேண்டாம் என்று சொல்லியும் அவள் சில கிருத்திகைக்கு ஞானம்மாளைப் பார்க்கவென்றே போய்வந்தாள்.

நிச்சயம் முடிந்த அடுத்த வாரம் அந்தி சாயும் நேரத்தில் ஆஸ்பத்திரி ஜீப் அவர்கள் குடியிருந்த நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தது. பிள்ளையார் கோயில் தூணுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் வெள்ளைத் துணி கட்டினார்கள். தொழுநோயைப் பற்றிப் படம் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பலர் முகம் சுளித்தார்கள். பூவம்மாள்தான் வீடு வீடாகப் போய், "நல்ல விசயம் சொல்லுவாங்க, வாங்க" என்று அழைத்தாள். தன் பாயைக் கொண்டுவந்து முன்வரிசையில் விரித்து, சம்பந்தியம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அவளைக் காப்பாற்றிய ஆஸ்பத்திரி அல்லவா? வாய்விட்டுச் சொல்ல முடியாத நன்றியை அப்படியாவது காட்டினாள்.

ஞானம்மாள் வரவில்லை. புதிதாக வந்த ஒரு வாலிபன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினான். துணியில் ஒரு விரல் மடங்கிய கை வந்தது. பிறகு ஒரு கால். பிறகு, "இதோ இந்தச் சகோதரியைப் பாருங்கள்" என்றான்.

கதவளவு பெரிதாகப் பூவம்மாளின் முகம் வந்து நின்றது. தேமல் படிந்த கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் கண் கூசி, அவளே அவளைப் பார்த்தாள்.

"ஐ! பூவம்மா அத்தை!" என்று ஒரு குழந்தை கத்தியது.

தலைகள் எல்லாம் முன்வரிசைப் பக்கம் திரும்பின. துணியில் அடுத்த படம் வந்தது. சுத்தமான கையோடு சிரிக்கிற பூவம்மாள். "முற்றிலும் குணமாகிவிட்டது! பயப்பட ஒன்றுமில்லை!" என்று வாலிபன் உற்சாகமாகச் சொன்னான். கேட்பதற்குத்தான் ஆளில்லை. அவள் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்திருந்த ரத்தினம்மாள் எழுந்து, பாயிலிருந்து காலை எடுத்து, சேலையை உதறிக்கொண்டு போனாள். அந்த உதறல்தான் பூவம்மாளுக்கு இன்றுவரை உடம்பில் பட்டுக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் துளசிங்கம் கேட்டது ஒன்றுதான்: "நீ இன்னாத்துக்குப் போயி போட்டோவுக்கு உக்காந்த?"

நிச்சயம் முறிந்த பிறகு பூவம்மாள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். அன்று கிருத்திகை இல்லை. யாரிடமும் ஒரு காரணமும் சொல்லவில்லை. பட்டப்பகலில் தெரு நடுவே நடந்து, ஆஸ்பத்திரியின் முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள்.

ஞானம்மாள் மருந்து கட்டும் அறையில் தனியாக இருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"தெரியும் பிள்ளே. கேள்விப்பட்டேன்."

"வெளிய போவாதுன்னு சொன்னீங்களே, சிஸ்டரம்மா."

"நான் சொல்லல. படமெல்லாம் மேலிடத்துல இருந்துச்சு. ஊர் ஊராக் காட்டினா ஜனங்களுக்குப் பயம் போகும்னு கேட்டாங்க, சரின்னேன். ஆனா உன் தெருவுக்கே கொண்டுபோவாங்கன்னு நினைக்கல."

"அப்ப வேற தெருவுல காட்டினா பரவாயில்லையா?"

ஞானம்மாள் பஞ்சுச் சுருளை எடுத்து எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதே. உன் முகத்தைப் பாத்தப்புறம் எத்தனை பேரு வாராங்க தெரியுமா? ஒளிச்சு வெச்சிருந்தவங்கல்லாம் தேடி வாராங்க. நீ எத்தனை குடும்பத்தைக் காப்பாத்தியிருக்கே! கர்த்தருக்குச் செஞ்ச ஊழியம்னு மனசைத் தேத்திக்கோ."

"ஊழியம் பண்ணது நீங்க. குடுத்தது நானும் என் பொண்ணும்."

"பூவம்மா..."

"கேட்டிருந்தா ஒருவேளை நானே சரின்னிருப்பேன். இந்தக் கை நீங்க குடுத்த கை. ஆனா கேக்கலியே. ஏழை ஜனங்கதானே, தர்மத்துக்கு மருந்து தின்னதுதானேன்னு இருந்துட்டீங்க. என்னைத் தொடாதவங்க பண்ணியிருந்தா எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது. நீங்க தொட்டீங்களே!"

ஞானம்மாள் பஞ்சுச் சுருளைக் கீழே வைத்தாள். மன்னிப்பு என்ற சொல் அந்த வாய்க்கு வருவதற்குள் பக்கவாட்டுக் கதவு மெல்லத் திறந்தது.

முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். "சிஸ்டரம்மா, தனியா ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தவள், உள்ளே இருப்பது யார் என்று கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். ரத்தினம்மாள். அவளுக்குப் பின்னால், அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை மாட்டிக்கொண்டு, வேதாசலம்.

திரும்பிப் போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை அவர்களுக்கு. வேதாசலம் தலையைக் குனிந்துகொண்டான். பூவம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு கணம், ஒரே கணம், மனசுக்குள் ஏதோ குரூரமாகக் குளிர்ந்தது. அடுத்த கணம் அந்தப் பையன் சட்டைக்கையை விரல்வரை இழுத்து மூடிக்கொள்வதைப் பார்த்தாள். முதல்முறை இங்கே வந்த அன்றைக்குத் தானும் கையை அப்படித்தான் முந்தானைக்குள் ஒளித்தாள்.

ரத்தினம்மாள் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். நாலு நாளைக்கு முன்னால் அவற்றிலிருந்து காபி வாங்க மறுத்தவள்.

"பூவம்மா, உன் கால்ல வுழுறேன். தெருவுல சொல்லிடாதே. முதுகுலயும் கையிலயும் ரொம்ப நாளா இருந்துகினு இருக்குதாம், அன்னிக்குப் படத்தைப் பாத்துட்டு நேத்துதான் என்கிட்ட காட்டினான்."

"சொல்லமாட்டேன்."

"நல்லா இருப்பே." ரத்தினம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கையோடு அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது; கணக்குப் போடுகிறவளின் தெளிவு. "இப்ப ரெண்டு வூடும் ஒண்ணாயிடுச்சு. உங்களுக்கும் குறை, எங்களுக்கும் குறை. இனிமே யாரு யாரைச் சொல்றது? பேசின முகூர்த்தத்துலயே முடிச்சிடலாம். உன் பொண்ண வேற யாரு கட்டப்போறாங்க, நீயே சொல்லு?"

பூவம்மாள் தன் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டு வேதாசலத்திடம் போனாள்.

"தம்பி, பயப்படாதீங்க. மாத்திரையை மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க. எனக்கு நல்லாச்சு, உங்களுக்கும் நல்லாவும். போட்டோ புடிக்கணும்னு கேட்டாங்கன்னா, இஷ்டமில்லேன்னா இஷ்டமில்லேன்னு சொல்லுங்க. காசு குடுக்காத மருந்துன்னாலும் சொல்லலாம்."

ஞானம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"கலியாணத்துக்கு ஒண்ணும் சொல்லலியே?" என்றாள் ரத்தினம்மாள்.

"என் பொண்ணைக் கேக்கணும்."

"பொண்ணையா? அதை இன்னா கேக்கறது? போன தபா கேட்டமா?"

"கேக்கல. அது தப்பு" என்று சொல்லிவிட்டுப் பூவம்மாள் வெளியே வந்தாள்.

அவள் வீட்டுக்குப் போனபோது துளசிங்கம் தறிக்குழியில் இறங்கி நெய்துகொண்டிருந்தார். மனோரமா பின்கட்டில் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். பூவம்மாள் அவள் எதிரில் உட்கார்ந்து, ரத்தினம்மாள் மறுபடி சம்பந்தம் பேசுகிறாள் என்பதை மட்டும் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை; அது அந்தப் பையனுடைய ரகசியம்.

"அன்னிக்கு உன்னைக் கேக்காம தட்டு மாத்திட்டோம். இப்பக் கேக்கறேன். உனக்கு இஷ்டமா?"

மனோரமா துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

"என்னையா கேக்கறே?"

"ஆங். உன்னத்தான்."

"வேணாம்னா நைனா கத்துவாரு. தெருவுல பேசுவாங்க. அப்புறம் யாரும் வராமயே போனாலும் போயிடும்மா."

"போனாப் போவட்டும். நீ சொல்லு."

மனோரமா கஞ்சியை ஒருமுறை அடியோடு கிண்டினாள். பதிலுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"வேணாம்" என்றாள்.

பூவம்மாள் எழுந்து தறிக்குழியண்டை போனாள். துளசிங்கம் தறியில் குறுக்கே ஓடிய நாடாவைப் பிடித்து நிறுத்தி, என்ன என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

"ரத்தினம்மா அண்ணி மறுபடி சம்பந்தம் கேக்கறாங்க. கொயந்தைக்கு இஷ்டமில்லியாம்" என்றாள் அவள். "நீயே போயி சொல்லிட்டு வா."