ஓய்வில் நாற்பத்தாறு

நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாக்கியராஜின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் மனைவி டெய்சி ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணினாள். நாற்பத்தாறு. மகள் வாங்கிக்கொடுத்த வாட்சும் நான்கு நாளாக அதைத்தான் காட்டியது. போன மாதம் வரை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது எழுபதுக்குக் கீழே அது இறங்கியதில்லை.

"வாட்ச் பழுதுன்னீங்க. இப்ப என் விரலும் பழுதா?"

"ஓட்டப்பந்தயக்காரங்களுக்கு இப்படித்தான் இருக்குமாம்ல."

"நீங்க என்னைக்கு ஓடுனீங்க?"

இருபத்தாறு வருடமாகத் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் தனியார் பஸ் ஓட்டுகிறவர். ஓடியதெல்லாம் சக்கரங்கள்தான். இரண்டு வாரமாகப் படுக்கையிலிருந்து எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றுவிட்டே நடக்கிறார். அவர் பின்னால் உட்கார்ந்து வரும் அறுபது பேரையும் டெய்சி நினைத்துப் பார்த்தாள். அதை வாய்விட்டுச் சொல்லாமல், அவருடைய லீவு நாளில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஷரீஃபா ஈசிஜி தாளை இரண்டு தடவை பார்த்தார். "துடிப்பு சீராத்தான் இருக்கு. சில பேருக்கு நாப்பத்தாறு இயல்பாவே இருக்கும். ஆனா உங்களுக்கு எழுபதுலேர்ந்து திடீர்னு இறங்கியிருக்கு, தலையும் சுத்துது. அதான் யோசிக்க வேண்டியதா இருக்கு. புதுசா மருந்து எதுவும் எடுக்குறீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"மாத்திரைதான்னு இல்ல. தைலம், நாட்டு மருந்து, சொட்டு மருந்து?"

பாக்கியராஜ் டெய்சியைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"கண்ணுல பிரஷராம். ஒரு மாசமா ஊத்துறேன். இடது பக்கம் ஓரம் தெரியல. சொன்னா வண்டி தரமாட்டாங்க, டெய்சி."

கொஞ்ச நாளாக அவர் இடது தோள் கதவு நிலையில் இடிப்பதும், தான் சிரித்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தன. கோபம்தான் முதலில் வந்தது. அது வந்த வேகத்திலேயே, ஒரு மாதமாக அந்தப் பையில் எதைச் சுமந்துகொண்டு இவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார் என்ற நினைப்பும் வந்தது.

"கண்ணுல ஊத்துறது கண்ணோட நிக்காது. ரத்தத்துல கலந்துரும். இந்த மருந்து சிலருக்கு இதயத்தை மெதுவாக்கும்," என்றார் டாக்டர். "நீங்களா நிறுத்திராதீங்க, கண்ணு கெட்டுரும். உங்க கண் டாக்டர்கிட்ட இப்பவே பேசி மாத்தச் சொல்றேன்."

"மாத்துனா துடிப்பு ஏறிரும்ல? வண்டி எடுக்கலாம்ல?"

"துடிப்பு ஏறும். போன பார்வை வராது. ஓட்டலாமா வேண்டாமான்னு கண் டாக்டர் சொல்றவரைக்கும் எடுக்காதீங்க."

வெளியே வந்து வராந்தாவில் நின்று அவரே முதலாளிக்குப் போன் போட்டார். "அண்ணே, நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கங்க... காய்ச்சல் இல்லண்ணே. கண்ணு."

பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றார்கள். சாலையின் அந்தப் பக்கமாக, இடது பக்கமிருந்து பழனி பஸ் ஒன்று வேகம் குறைத்து வந்தது. டிரைவர் சீட்டிலிருந்து, அவரோடு வேலை பார்க்கும் மூக்கையா, பாக்கியராஜைப் பார்த்து வெளியே கையை நீட்டி ஆட்டினார். பாக்கியராஜ் நேரே எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்சி தன் கையைத் தூக்கி ஆட்டினாள்.