கை முந்தும் இடம்

மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். கல்லூரியில் என்ன படிக்கப்போகிறாள் என்பதைச் சின்னவள் அதற்குள் சொல்லியாக வேண்டும். போன வாரம் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எலக்ட்ரானிக்ஸ் என்று பதிந்து வைத்திருந்தாள். மாற்றாவிட்டால் அதுவே நிலைத்துவிடும். இந்த விதி அப்பாவுக்குத் தெரியாது. அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அக்காவின் வேலைதான் அவளுக்கு வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. அதற்கு எதைப் படிப்பது என்பதில்தான் குழப்பம்.

அக்கா மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதுகிறாள். தொழில்நுட்ப எழுத்தாளர் என்று அடையாள அட்டையில் இருக்கும். வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. "டப்பாவுக்குள்ள ஒரு புத்தகம் வருமே, யாரும் படிக்காம தூக்கிப் போடுவாங்களே, அதை எழுதுறா" என்பார் அப்பா.

காலையிலேயே சின்னவள் அக்காவோடு அலுவலகம் வந்துவிட்டாள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மேசை மேசையாகப் போய் விசாரணை நடத்தினாள்.

"நீங்க என்ன சார் படிச்சீங்க?"

"தாவரவியல்" என்றார் இருப்பவர்களில் மூத்த எழுத்தாளர். "இதுவரைக்கும் இங்க யாரும் என்கிட்ட ஒரு இலையைப் பத்திக்கூடக் கேட்டதில்ல."

பக்கத்து மேசைக்காரி சட்டம். ஜன்னலோரம் இருந்தவர் மெக்கானிக்கலைப் பாதியில் விட்டவர். அக்கா இலக்கியம்.

"அப்ப எதைப் படிச்சாலும் கடைசியில இங்கதான் வந்து விழணுமா?"

"நாங்க எங்கம்மா விழுந்தோம்? தள்ளிவிட்டாங்க" என்றார் தாவரவியல்காரர். அந்த வரிசையே சிரித்தது. சின்னவள் சிரிக்கவில்லை. அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

மதியம் பரிசோதனை இருந்தது. தூக்கத்தில் மூச்சு விட உதவும் கருவி, வீட்டில் வைத்துக்கொள்வது. அதன் கையேட்டை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து, அதைப் படித்துக் கருவியை இயக்கச் சொல்வார்கள். எழுதியவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே இருப்பவருக்கு எதையும் எடுத்துச் சொல்லக் கூடாது. அறையின் கேமரா மக்கர் செய்ததால் பரிசோதனை தாமதமாகத்தான் தொடங்கியது. சின்னவள் பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கருவியைப் பைக்குள் வைக்கும் கட்டம் வந்தது. அந்தப் பக்கத்தின் உச்சியில் சாம்பல் கட்டம் போட்டு, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யாமல் கருவியைத் தூக்க வேண்டாம் என்று அக்கா எழுதியிருந்தாள். டிரைவர் தூக்கினார். சாய்த்தார். தண்ணீர் கருவிக்குள் இறங்கியது.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கட்டம் கட்டி எழுதியிருக்கு. கண்ணு எங்க போச்சு இந்த மனுஷனுக்கு?" என்றார் அவர்களோடு உட்கார்ந்திருந்த, கருவியை வடிவமைத்த எஞ்சினியர்.

"கண்ணு படத்துக்குப் போச்சு" என்றாள் சின்னவள். எஞ்சினியர் திரும்பிப் பார்த்தார். "பக்கத்தைத் திருப்பினதும் படத்தைப் பார்த்தார். கை கிளம்பிடுச்சு. கட்டத்தை விளம்பரம் மாதிரி தாண்டிட்டார். அக்கா, அதை எச்சரிக்கையா சொல்லாத. வேலையா கொடு. 'தொட்டியைக் கழற்றவும், தண்ணீரைக் கொட்டவும்.' கைக்கு வேலை இருந்தா அதைச் செஞ்சுட்டுத்தானே அடுத்ததுக்குப் போகும்?"

அக்கா குறித்துக்கொண்டாள். இந்தக் கையேட்டை அவள் நான்கு முறை திருத்தியிருந்தாள். நான்கு முறையும் கட்டத்தைத்தான் பெரிதாக்கினாள். தங்கையைப் பார்த்தாள். போன மாதம் வரை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போன பெண்.

வெளியே வந்தபோது வீட்டுக்குப் போய்ச் சேர நேரமில்லை என்று தெரிந்தது. அலுவலகக் கணினியில் வெளித்தளங்கள் திறக்காது. இருவர் போனிலும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் கணினி இருக்கிறது. ரகசிய எண்ணும் அப்பாவின் போனுக்குத்தான் வரும். அப்பாவும் இருக்கிறார். அதுதான் சிக்கல். பள்ளியில் கணக்கு நடத்துகிறவர். கரும்பலகை முன்னால் புலி. கணினி முன்னால் உட்கார்ந்தால் விரல் எங்கே பாயும் என்று அவருக்கே தெரியாது.

காலியான கூட்ட அறையில் சின்னவள் போனை ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"அப்பா, உள்ள போயிட்டீங்களா? மேல வலது பக்கம்..."

"அழுத்திட்டேன்."

"எதை?"

"நீ சொன்னதைத்தான். எல்லாம் காணாமப் போச்சு. முதல் பக்கம் வந்து நிக்குது."

"நான் இன்னும் சொல்லவே இல்லப்பா."

அடுத்து என்ன செய்வது என்பது அக்காவின் வாய் வரை வந்துவிட்டது. இரண்டு வார்த்தையில் அவளே சொல்லிவிடுவாள். தங்கை கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அப்பா, மவுஸ்ல இருந்து கையை எடுங்க. ரெண்டு கையையும் மடியில வைங்க."

"என்னடி, பரீட்சை ஹாலா?"

"வச்சீங்களா?"

"வச்சுத் தொலைச்சேன்."

"இப்ப கண்ணு மட்டும். கடைசியா என்ன வரி இருக்கு? வாய் விட்டுப் படிங்க."

அப்பா படித்தார். அவள் ஒரு வேலை சொன்னாள். செய்தார். கை மடிக்குத் திரும்பியது. மறுபடி படித்தார். ரகசிய எண்ணைக் கணக்கு வாத்தியாருக்கே உரிய கம்பீரத்தோடு சொல்லிக்கொண்டே அடித்தார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அப்பா இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்டு அக்கா பார்த்ததில்லை.

"மூணு வட்டம் இருக்கா? மூணாவதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"உளவியல்." ஒரு இருமல் வந்தது. "நம்மளது முதல் வட்டம்தானே?"

'மூன்றாவது வட்டம், கீழே நீலப் பட்டன்' என்று ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் போதும். அப்பாவின் கண் வருவதற்குள் கை வேலையை முடித்திருக்கும். சின்னவளுக்கும் அது தெரியும். சற்று முன்தான் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இல்லப்பா. எனக்கு மூணாவதுதான் வேணும். எலக்ட்ரானிக்ஸ் இல்ல."

"யார் ஏத்திவிட்டது? பெரியவளா?"

"அக்கா வாயே திறக்கல. எழுதக் கத்துக்க அக்கா இருக்கா. மெஷினைப் பத்தி அதைச் செஞ்சவங்க சொல்லிடுவாங்க. உங்க கை ஏன் கண்ணுக்கு முன்னாடி ஓடுதுன்னு யாருப்பா சொல்லுவா? அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் எழுதணும்."

"என் கைக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல. எல்லார் கையும் அப்படித்தான் ஓடுது."

போனில் நாற்காலி முனகியது.

"கீழ நீலப் பட்டன் இருக்கும். மூணாவது வட்டத்தைத் தொட்டுட்டு அதை அழுத்தினா, அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. உங்களாலயும் முடியாது, என்னாலயும் முடியாது. அழுத்துறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். கை எங்க இருக்கு?"

"மடியிலதான்."

அக்கா ஆறு வருடமாக எழுதுகிறாள். தனக்கே பாதகமான எச்சரிக்கையை இவ்வளவு தெளிவாக முதலில் வைத்த ஒருவரை அவள் பார்த்ததில்லை. தங்கையின் தோளில் கை வைக்கத் தோன்றியது. வைக்கவில்லை. தங்கை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குள் மாற்றாவிட்டால் எலக்ட்ரானிக்ஸே நிலைத்துவிடும் என்பதை மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை.

அப்பா திரையில் இருந்ததை முதலிலிருந்து மறுபடி படித்தார். மாணவன் போட்ட கணக்கை இரண்டாம் முறை வரிவரியாகப் பார்க்கும்போது அவர் இப்படித்தான் முணுமுணுப்பார்.

"எல்லாம் சரியாத்தான் சொல்ற" என்றார் கடைசியில். "அழுத்தினா என்ன ஆகும்னு சொல்லிட்ட. அழுத்தாம விட்டா என்ன ஆகும்?"