ஸ்டோருக்குள் வைத்த ஊசி

கன்னையனுக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம். போடிமெட்டுக்கு மேலே இருக்கும் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் முப்பத்தெட்டு வருஷமாக அவர் பொறுப்பு. ஈரம் பட்ட காயைப் போடி ஏலத்தில் சீந்த ஆளிருக்காது. அதனால் வீட்டில் எது விலையுயர்ந்ததோ அது, ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பட்டு வரை, அந்தச் சூடான ஸ்டோர் அலமாரிக்குப் போய்விடும். சாவி அவர் அரைஞாணில்.

எழுபது வயதில் அவர் மனைவி ராக்குவுக்கு ரத்தம் குறைந்தது. நாலு செடி தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. மதுரை டாக்டரம்மா எலும்பு மஜ்ஜையைச் சோதித்து, மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்று வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னார். மஜ்ஜையில் ரத்தம் உண்டாகிறது, ஆனால் முதிரும் முன்பே அழிந்துபோகிறது என்றார். பிஞ்சிலேயே உதிர்கிற காய் மாதிரி என்று கன்னையன் புரிந்துகொண்டார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினார்கள். கூடவே வாரம் ஒரு ஊசி. ஊசி கேட்டால் ரத்தம் ஏற்ற வேண்டியிராது. கேட்காவிட்டால் ரத்தம் ஏற்ற ஓயாமல் அலைய வேண்டும், மலையில் குடியிருப்பது சரிப்படாது, கீழே இறங்கிவிட வேண்டும்.

மூன்று மாதம் முடிந்தது. ஊசி கேட்கவில்லை. மலையடிவாரத்தில், சிலமலை ஊரில், மகள் பாண்டீஸ்வரி ஓர் அறையை ஒழித்து வைத்தாள். ராக்குவின் தகரப்பெட்டியை முதலில் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். பிறந்து வளர்ந்த மலையை விட்டுப் போவதை நினைத்து ராக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

கடைசியாக ஒருமுறை மதுரைக்குப் போனபோது, மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கன்னையன் நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஸ்டோருல வச்சுப் பூட்டிருக்கேன்மா. சொட்டு ஈரம் அண்டாது. எந்நேரமும் அம்பது டிகிரி.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐயா, அது குளிர்ல இருக்க வேண்டிய மருந்து. அந்தச் சூட்டுல கெட்டுப்போயிருக்கும். ஊசி கேக்கலைன்னு இனி சொல்ல முடியாது. அம்மாவுக்கு இன்னும் மருந்தே போகலை.”

மருந்துக்கடையில் பத்திரமாக வையுங்கள் என்றார்கள், அவரும் வைத்தார். வாராவாரம் ஸ்டோரிலிருந்து எடுத்துக்கொண்டு, ஊசி போடும் எஸ்டேட் நர்சு ஈஸ்வரியின் வீட்டுக்கு அவர் மூடுபனியில் நடந்து போவதற்குள் அது ஜில்லென்று ஆகிவிடும். அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. கன்னையன் ஆஸ்பத்திரி நடையிலேயே உடைந்து அழுதார். ராக்குவோ மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

“ஊசியவும் காயப் போட்டிருக்கியேய்யா.”

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போது ஜீப் ஓட்டும் சுருளிவேல், திங்கட்கிழமைதோறும் போடியிலிருந்து ஊசி ஒன்றை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து நேராக ஈஸ்வரி கையில் கொடுத்தார். கன்னையனைத் தொடக்கூட விடவில்லை. அவர் எட்ட நின்று பார்த்துக்கொண்டார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது மாதம் ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டது. கடைசியாக ரத்தம் ஏற்றி அப்போது ஒன்பது வாரம் ஆகியிருந்தது. நோய் போய்விடவில்லை, ஊசியும் மாதாமாதம் சோதனையும் தொடர வேண்டும், ஆனால் மலையிலேயே தாராளமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஜீப் எஸ்டேட் திருப்பத்தில் நின்றது. கன்னையன் நீட்டிய கையைப் பிடிக்காமல் ராக்கு ஏற்றத்தில் நடந்தாள். ஏலச்செடிகளைத் தாண்டி, நிற்காமல், உட்காராமல் வீட்டு வாசல் வரை ஏறினாள். மூச்சு வாங்கியது கன்னையனுக்குத்தான். அவர் வந்து சேர்வதற்குள் அவள் மகளுக்குப் போன் போட்டிருந்தாள்.

“ஆத்தா, அந்தப் பெட்டிய நாளைக்கு வெரசா ஜீப்புல ஏத்திவிடு. நான் இங்கனதான் இருப்பேன்.”

பெட்டி வந்தால் எங்கே வைக்கட்டும் என்று கன்னையன் கேட்டார்.

“எங்கன வேணா வையி,” என்றாள் ராக்கு. “ஸ்டோருல மட்டும் வைக்காத.”