அப்பா பெயரில் வந்த பதக்கம்

"உங்கப்பாவுக்கு வீரப் பதக்கம் வந்திருக்கும்மா" என்று போனில் ஒரு பெண் சொன்னதுமே, "என் பேங்க் நம்பர் கிடைக்காது, வேற வீடு பாரு" என்று மல்சுன் வைத்துவிட்டாள். அவள் தெருவிலேயே இரண்டு பேர் இப்படிப்பட்ட போனில் ஏமாந்திருந்தார்கள்.

மறுநாள் அதே குரல் ராணுவச் சீருடையில் வாசலில் நின்றது. கேப்டன் யூரா. கிம்ச்சி ஊறுகாய்க்காகக் கோஸுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த மல்சுன், ஈரக் கையோடு அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொரிய யுத்தத்துல அறிவிச்ச பதக்கம் நிறைய இன்னும் ஆளுக்குப் போய்ச் சேரலம்மா. தேடிக் குடுக்கறதுதான் என் வேலை. பியோன் தொக்மான் உங்கப்பாதானே?"

"அப்பாதான். செத்து முப்பது வருஷமாச்சு. யுத்தத்துக்குப் போனாருன்னு நீதான் இப்பச் சொல்ற!"

யூரா காகிதத்தை நீட்டினாள். 1952 ஜனவரியில் படையில் சேர்ந்தவர். ஜூனில், குண்டு விழும் மேட்டில் தவழ்ந்து போய் அடிபட்ட நாலு பேரை இழுத்து வந்தவர். இடுப்பில் காயம், அடுத்த வசந்தம்வரை ஆஸ்பத்திரி. ஊரும் தாத்தா பெயரும் சரியாகவே இருந்தன.

மல்சுன் விரல் மடக்கி எண்ணினாள். அவள் பிறந்தது அந்த டிசம்பரில். மார்ச்சில் அப்பா போர்முனையில் என்றால்?

"கையெழுத்து அப்புறம் போடறேன்" என்று கதவைச் சாத்தினாள்.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தாள், அப்பா படத்தைப் பார்த்தாள். அம்மாவிடம் சிரித்துப் பேசிய அரிசி மில்காரர் மேல்கூடச் சந்தேகம் வந்தது. கடைசியில் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினாள். அந்தக் காலத்து ஆட்களில் மிஞ்சியிருந்தது சித்தப்பா கில்சோ மட்டும்தான். தொண்ணூறு வயசு. சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, மறைக்காம சொல்லுங்க. நான் யாரு பொண்ணு?"

"கிறுக்கு புடிச்சிருக்கா? அந்த மூஞ்சிய வேற எவன் குடுத்திருப்பான்?"

அவள் காகிதத்தை நீட்டினாள். சித்தப்பா நெடுநேரம் படித்தார். சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நாலு பேரு இல்ல. அஞ்சு. ஒருத்தன் பாதி வழியிலயே போயிட்டான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பட்டாளத்துல சேரச் சொல்லி ஆணை அண்ணனுக்கு வந்துச்சு. அவனுக்கு ரெண்டு குழந்தைங்க, எனக்கு யாரும்மா? அவன் பேரச் சொல்லி நான் லாரில ஏறிட்டேன். சுரங்க வேலையில என் இடுப்பு போச்சுன்னு ஊருக்குச் சொன்னோம். ஆள்மாறாட்டம்னா ஜெயிலாச்சே. அந்தப் பதக்கத்த அண்ணன் சமாதியிலயே வச்சுடு."

"முடியாது சித்தப்பா."

மல்சுன் நடந்ததை யூராவிடம் சொன்னாள். இப்போது சந்தேகப்படுவது யூராவின் முறை. "இப்படிச் சொல்லிக்கிட்டு நிறைய பேர் வர்றாங்கம்மா. ஆதாரம் வேணும்." திட்டிக்கொண்டே வந்த சித்தப்பாவை மல்சுன் எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனாள். பழைய ஆஸ்பத்திரிக் குறிப்பு சொன்ன இடத்திலேயே, இடுப்பு எலும்போரம், இரும்புத் துண்டு தெரிந்தது.

விசாரணை முடிய எட்டு மாதம் ஆயிற்று. விழாவில் "பியோன் கில்சோ" என்று வாசித்தபோது சித்தப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். மல்சுன் அவர் தோளைத் தொட்டாள்.

"எழுந்திரிங்க. உங்களத்தான் கூப்பிடறாங்க."