சாயந்திரத் தண்ணீர்

உச்சந்தலையில் விழுகிறது தண்ணீர், விடியாத இருட்டில், நெற்றி, கண், கழுத்து என்று இறங்கி நெஞ்சுவரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே அது போகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, மினிபஸ் படியிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்த நாளிலிருந்து நெஞ்சுக்குக் கீழே என் உடம்பு எனக்கு எதையும் சொல்வதில்லை, கண்ணால் பார்த்தால்தான் உண்டு, பார்க்கலாமென்றால் குளியலறையில் அழுதுவடியும் ஒரு பல்பு, அதுவும் என் முதுகுக்குப் பின்னால், முடிஞ்சுதுக்கா என்று இசக்கியம்மா துண்டைச் சுற்றுகிறாள், பாதிக் குளியலோடு நான் கட்டிலுக்குத் திரும்புகிறேன், மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான இந்த இல்லத்துக்கு வந்த நாள்முதல் இப்படித்தான், ராத்திரி வேலைக்காரர்கள் வீட்டுக்குப் போவதற்குள் எங்கள் எல்லோரையும் குளிப்பாட்டி முடித்தாக வேண்டும், அதுதான் வசதி, யாருக்கு வசதி என்று நான் கேட்டதில்லை, கேட்காமலிருந்ததே என் சொத்து, ஆண்டு விழாவுக்கு வருகிறவர்களை வார்டன் மேடம் நேரே என் கட்டிலுக்குத்தான் கூட்டிவருவார்கள், இவங்க வந்ததிலேருந்து ஒரு குறை சொன்னதில்ல, பாருங்க எப்படிச் சிரிக்கிறாங்க என்பார்கள், நான் சிரிப்பேன், பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி என் தலையில் கை வைப்பாள், அன்றைக்கு முழுக்க அந்தக் கை என் தலையிலேயே இருக்கும்.

அப்புறம் கோமு வந்தாள். போன ஆடியில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தாள், கையும் காலும் பிறந்ததிலிருந்தே முறுக்கிக்கொண்டவள், நாக்கும்தான், ஒரு சொல் வெளியே வர அவள் முகமெல்லாம் பாடுபட வேண்டும், வாயோரம் எச்சில் வழியும், எனக்கோ கணீரென்ற குரல், பாவம் என்று நினைத்தேன், பாவம் என்று நினைக்க எனக்கும் ஒருத்தி கிடைத்தாள் என்று நினைத்தேன், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விடியுமுன் இசக்கியம்மா தூக்க வந்தபோது அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், இப்ப வேண்டாம், சாயந்திரம், என்றாள். ஏட்டி, மகாராணிக்குச் சாயந்திரந்தான் வேணுமாம்லா என்று இசக்கியம்மா சிரிக்க, நானும் சிரித்தேன், அவள் கம்பியை விடவில்லை. வார்டன் மேடம் வந்து, என்னவாம் இவளுக்கு என்று இசக்கியம்மாவிடம் கேட்டார்கள். என்னைக், கேளுங்க, என்றது கோமுவின் கட்டில். ஒரு குடம் நிறைகிற நேரம் ஆயிற்று அவள் சொல்லி முடிக்க, குளிரில் என் சதையெல்லாம் இறுகிப் போகுது, வலி உயிர் போகுது, வெயில் இருக்கும்போது குளிச்சா வலிக்காது, அவ்வளவுதான், மேடம் அந்த நேரம் முழுக்க நின்று கேட்டார்கள், என் கட்டிலருகே அவர்கள் அப்படி நின்றதே இல்லை, நிற்கும்படி நான் எதுவும் சொன்னதும் இல்லை.

அதிலிருந்து தினமும் வெயில் சாயும் நேரம் கோமு ஈரத்தலையோடு என்னைக் கடந்து போகிறாள், சக்கர நாற்காலியின் ஈரத்தடம் என் கட்டிலோரமாக நீள்கிறது, சந்தன சோப்பு வாசம் வருகிறது, நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறேன், மூடிய கண்ணுக்குள் எங்கள் ஊர்ச் சிற்றாறு ஓடுகிறது, அந்த நாளில் பீடி சுற்றிய தட்டை இறக்கிவைத்துவிட்டு, உடம்பில் ஏறிய புகையிலை நெடி போக நான் முங்கி எழுந்ததும் இதே வெயிலில்தான், தண்ணீருக்குள் என் கால்கள் மஞ்சளாகத் தெரிந்ததும் இதே வெயிலில்தான், அப்படியானால் அது என் குளியல், கோமு குளித்துவிட்டு வருவது என் குளியலை, நேற்று வந்தவள், ஒரு வாக்கியம் ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள். வயிறு எரிந்தது என்று சொல்ல வழியில்லை, வயிறு எனக்குத் தெரியாதே, தொண்டை எரிந்தது. ஒருத்திக்குச் செஞ்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாவ, பாத்துக்கிடுங்க என்று இசக்கியம்மாவிடம் குசுகுசுத்தேன். நீங்க கேக்க மாட்டீயள்லாக்கா, நீங்க தங்கம்லா என்று அவள் என் தலையைச் சீவிவிட்டாள், சீப்பு மண்டையில் முள்ளாகக் குத்தியது.

மாதக் கூட்டத்துக்கு நிர்வாகத்திலிருந்து ஒரு சார் வந்தார். சாயந்திரம் ஆள் பத்தல, ஒருத்தருக்காக நேரத்தை மாத்திக்கிட்டு இருக்க முடியுமா, இந்த வழக்கத்தை நிறுத்திரலாம், வேணும்னா இங்க நெடுநாளா இருக்கிறவங்களையே கேப்போமே என்று என் பக்கம் திரும்பினார், நீங்க சொல்லுங்கம்மா, காலைக் குளியல் சரியாத்தான இருக்கு. வார்டன் மேடம் முன்கூட்டியே புன்னகைத்தார்கள். சரியா இருக்கு சார் என்ற பதில் இஸ்திரி போட்டு மடித்ததுபோல் என் நாக்கில் தயாராக இருக்கிறது, சொன்னால் போதும், நாளையிலிருந்து அவளும் இருட்டில் நடுங்குவாள், ஈரத்தடம் இருக்காது, வாசம் இருக்காது, நான் தங்கமாகவே இருப்பேன், கோமுவைப் பார்க்கிறேன், அவள் கெஞ்சவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை, தலை துவட்டிய துண்டு இன்னும் தோளில் கிடக்கிறது, அந்தத் துண்டுதான், அதன் ஈரம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. சரியா இல்ல சார், என்றேன், இவளுக்கு மட்டும் என்ன, எனக்கும் சாயந்திரந்தான் வேணும், எனக்கு நெஞ்சுக்குக் கீழ தண்ணி விழுகிறது தெரியாது, கண்ணால பாத்தாத்தான் குளிச்ச மாதிரி, இருட்டுல என்னத்தப் பாக்க, இத்தனை வருஷமா பாதி உடம்பத்தான் சார் குளிச்சிருக்கேன். உரிமை கிரிமை எதுவும் அப்போது என் நினைவில் இல்லை, கண்ணை மறைத்தது பொறாமை, வாயைத் திறந்ததும் அதுதான். நீங்களுமா, என்றார்கள் மேடம், சின்னக் குரலில். என் தலையிலிருந்து பட்டுப்புடவைக் கை எழுந்து போனதை உணர்ந்தேன், பின்வரிசையில் யாரோ, எனக்கும் மேடம் என்றாள், இன்னொருத்தி, எனக்குக் காலையே போதும், ஆனா வெந்நீர் வேணும் என்றாள், சார் பேனாவை மூடிவிட்டு, சரி, ஆள் போடப் பார்ப்போம் என்றார். கோமு மெல்ல என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் கோணி, நன்றி சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருக்க, நான், முதல்ல, நீங்க, அப்புறந்தான், என்றாள்.

அப்படியே நடக்கிறது, மேற்கு ஜன்னல் வழியாக வெயில் குளியலறைக்குள் சாய்ந்திருக்கிறது, எனக்கு முன்னால் குளித்துவிட்டு வெளியேறுகிறவள், வெந்நீர், தீந்துட்டுக்கா, என்று நாற்காலியை வாசலில் நிறுத்தி இளிக்கிறாள், நிசமாகவே தீர்ந்துதான் போயிருக்கிறது, இசக்கியம்மா பச்சைத்தண்ணீரை மொள்கிறாள், உச்சந்தலையில் விழுகிறது தண்ணீர், நெற்றி, கண், கழுத்து, நெஞ்சுவரை வந்து நிற்கப் போகிறது, நான் சட்டென்று தலையைக் குனிகிறேன், நிற்கவில்லை, மடியில் தேங்கி, தொடையில் வழிந்து, முட்டியைச் சுற்றிக்கொண்டு போய்க் கால் விரல்களில் மஞ்சளாகச் சொட்டுகிறது, இன்னொரு செம்பு என்கிறேன், இன்னொன்று, கால்ல ஊத்து, பாத்துக்கிடுதேன், ஊற்றுகிறாள், என் கால்கள்தான், சிற்றாற்றில் கிடந்த அதே கால்கள், மெலிந்து போயிருக்கின்றன, கதவுக்கு வெளியே கோமுவின் சோப்பு வாசம் இன்னும் போகாமல் நிற்கிறது, நாளைக்கு நான்தான் முதல்ல என்று இசக்கியம்மாவிடம் சொல்கிறேன், வெளியே இருக்கிறவளுக்குக் கேட்கட்டும் என்று, கணீரென்று.