டீசல் குடிக்கும் வண்டி

நுவரெலியாவில் பயிற்சி மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கை கழுவப் பழக்குவது எப்படி என்று படம் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாகலெட்சுமி ஹட்டன் பஸ்ஸுக்காகக் காத்து நின்றாள். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. அப்போதுதான் ஒரு பெரிய பச்சை ஜீப் அவளைத் தாண்டிப் போய், சற்றுத் தள்ளி நின்று, பின்னுக்கு வந்து அவள் முன்னால் நின்றது.

"அக்கா, ஹட்டனுக்கா? ஏறுங்க. வெள்ளைக்காரங்கள ஹோட்டல்ல எறக்கிட்டு சும்மாதான் போறேன்."

திலக்ஷன். அவளுடைய தம்பி நிரோஷனின் மச்சினன், அவன் மனைவி ஜெயந்தினிக்கு நேர் இளையவன். கலியாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டு ஓடித் திரிந்த பையன், இப்போது மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தான். நல்ல நேரத்துக்கு வந்தாய் தம்பி என்று சொல்லிக்கொண்டே அவள் கதவைத் திறந்தாள். உயரமான வண்டி. ஏறிய பிறகுதான் ஒன்று உறைத்தது. ஏறுவதற்கு எங்கே பிடிக்க வேண்டும் என்று அவள் பார்க்கவேயில்லை. கை தானாகவே உள்ளே போய், கதவோரத்து இரும்புப் பிடியைப் பற்றியிருந்தது.

திரும்பிப் பின்னால் பார்த்தாள். கூரையில் ஒரு கொக்கி. சேலைன் போத்தல் தொங்கவிடுவதற்கென்று நிரோஷன் துளை போட்டு முறுக்கிய கொக்கி. இப்போது அதில் யாரோ மறந்து விட்டுப்போன தொப்பி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளை நிறத்தில் இருந்த வண்டிக்குப் பச்சை அடித்திருந்தார்கள். கதவில் எழுதியிருந்த மேல்பிரிவு நலன்புரிச் சங்கத்தின் பெயரைக் காணவில்லை.

மேல்பிரிவு என்பது நோர்வூட் ரோட்டிலிருந்து பிரிந்து, தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ஒரு கல் ரோட்டின் முடிவில், தொழிலாளர்கள் குடியிருக்கும் சில லயங்கள். ஆட்டோக்காரர்கள் பாதியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நோயாளிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் கீழே இறங்க வேண்டும். அந்த லயத்தில் பிறந்து, படித்து, லண்டனில் டாக்டராக இருக்கும் ஒருவர் ஊருக்கு வந்தபோது அப்படி ஒரு ஆளைத் தூக்கிப் போவதைப் பார்த்தார். நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு வண்டி வாங்கித் தருகிறேன், எது தோதென்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

கண்டியில் இரண்டு ஜீப் பார்த்தார்கள். ஒன்று பெட்ரோல், மற்றது டீசல். பெட்ரோல் வண்டி புதுப்பெண் மாதிரி மினுமினுத்தது. இஞ்சின் ஓடுவதே காதில் விழவில்லை. சங்கத்துத் தலைவருக்கு அதன்மேல்தான் கண். தோட்டத்து லொறி ஓட்டிப் பழகிய நிரோஷன்தான் குறுக்கே விழுந்தான்.

"கொழும்பு ரோட்டுக்கு அது சரிங்க. நம்ம ஏத்தத்துல ஆள ஏத்திக்கிட்டு மொதக் கியர்ல போனா பெட்ரோலு தண்ணியா ஓடிரும். நமக்கு டீசல்தான். இழுவையும் இருக்கும், செலவும் கொறையும்."

ஓட்டுவது நிரோஷன், டீசல் போடுவது நோயாளியின் வீட்டார் என்று ஏற்பாடு. முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. தன் தம்பி ஜீப்பைக் கொண்டுவந்து லயத்து வாசலில் நிறுத்தும்போது, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைக் கவனிக்கும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கும் நாகலெட்சுமிக்கு மனம் நிறைந்துவிடும். அம்மா கொழுந்துக்குப் போன நாட்களில் அவளுடைய இடுப்பிலேயே வளர்ந்தவன் அவன்.

பிறகுதான் வண்டி குடிக்க ஆரம்பித்தது. அப்படித்தான் நிரோஷன் சொன்னான். பம்பு தேய்ந்துவிட்டது, பழைய டீசல் இஞ்சின் இப்படித்தான், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்வர முன்னே போட்டதைப்போல இரண்டு மடங்கு வேண்டும் என்றான். டீசல் விலையும் ஏறிக் கிடந்த காலம். ஜனங்கள் வண்டியைக் கூப்பிடவே யோசித்தார்கள். காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். கொழுந்து பறிக்கும் வீரம்மாவின் புருஷனுக்கு நெஞ்சு அடைத்த அன்று, ஜீப்பைக் கூப்பிடட்டுமா என்று அவள் கேட்டாளாம். வேண்டாம், அது குடிக்கிற டீசலுக்கு நாம் எங்கே போவது, விடிந்ததும் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று சொல்லித் திரும்பிப் படுத்த மனுஷன் எழும்பவில்லை.

எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு நடந்த கூட்டத்தில் நிரோஷன், இந்த வண்டியைத் தள்ளிவிட்டுச் சின்னதாக ஒரு பெட்ரோல் வேன் வாங்கிவிடலாம், பெரிய வண்டி ஏழைகளுக்குத் தாங்காது என்றான். பாதிப் பேர் முறுக்கிக்கொண்டார்கள். டாக்டர் தந்த வண்டியை விற்பதா என்றார்கள். நாகலெட்சுமிதான் எழுந்து நின்று பேசினாள். அவள் பேசினால் ஊர் கேட்கும். அங்கே பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பால் குடித்தவை. வீரம்மாவைக் காட்டி, இன்னொரு வீட்டுக்கும் இந்தக் கதி வர வேண்டாம் என்றாள். பேசும்போது அவளுக்கே தொண்டை அடைத்தது. வீரம்மாவும் தலையாட்டினாள். யாரோ தெரியாத ஆள் ஒருவருக்கு ஜீப் கைமாறியது. வந்த வேன் மழை பெய்தால் நடு ஏற்றத்தில் சக்கரம் சுற்றி நின்றுவிடும். போன மாசம் வேலாயிக்கு அதற்குள்ளேயே பிள்ளை பிறந்தது. வெளியே பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்க, நாகலெட்சுமி தன் கையாலேயே பிள்ளையை வாங்கினாள். தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் புண்ணியம். நிரோஷனோ அதற்கு முன்பே, ஹட்டனில் ஒரு முதலாளியிடம் வேலை கிடைத்துவிட்டதென்று குடும்பத்தோடு டவுனுக்குப் போய்விட்டான்.

ஜீப் நானுஓயாவைத் தாண்டியது. பிறகு, சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"யாரு வண்டி தம்பி இது?"

"நம்ம வண்டிதான்க்கா. மச்சானும் நானும் சேந்து எடுத்தோம். ஒங்களுக்குத் தெரியாததா?" அவன் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டான். "மச்சானுக்கு நல்ல கண்ணு. இந்த மாதிரி டீசல் இஞ்சின் இப்ப தேடினாலும் கெடைக்காது. மத்தவங்க பெரிய பெரிய பெட்ரோல் ஜீப்ப வச்சிக்கிட்டு, ஹயர்ல வாறதெல்லாம் பெட்ரோல் செட்டுக்கே குடுத்துட்டு அழுறாங்க. நம்மது, ஒருக்கா நெரப்புனா எல்ல டவுன் வரைக்கும் போயிட்டு வந்து இன்னும் மிச்சம் கெடக்கும்."

"நெறைய குடிக்கும்னு சொன்னாங்களே."

"இதா?" அவன் சிரித்தான். "யாருக்கா சொன்னது? நாங்க எடுத்ததுக்குப் பொறகு பெயின்ட் அடிச்சதத் தவிர ஒரு ஆணி கழட்டல."

தலவாக்கலைக்குக் கீழே நீர்த்தேக்கம் பனிக்குள் கிடந்தது. அதைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நல்ல பிள்ளை, பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தான். தோட்டத்தில் வண்டி இருந்த காலத்திலேயே விடிகாலையில் இரண்டு பேரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஹயர் ஓடிய கதையைச் சொன்னான். டேங்கில் எப்போதும் டீசல் கிடக்கும், அந்தக் கவலையே இல்லை என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, நன்றி சொல்லும் குரலில் சொன்னான்:

"நீங்கதானேக்கா கூட்டத்துல கதைச்சி இத வித்துக் குடுத்தீங்க. மச்சான் எப்பவும் சொல்லுவாரு, எங்க அக்கா இல்லாட்டி இந்த வண்டி நமக்கு இல்லன்னு."

அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நிரோஷன் பொய் சொன்னான் என்பதுகூட அவளுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. எந்த நாளில் தொடங்கினான் என்பதைத்தான் மனம் துழாவிக்கொண்டிருந்தது. கண்டியில் டீசல் வண்டிக்காகச் சண்டை பிடித்தவன் உண்மையாகத்தான் பிடித்தான். அதில் சந்தேகமில்லை. வீரம்மாவின் புருஷனைப் பாடையில் தூக்கியபோது முன்னால் தோள் கொடுத்தவனும் அவன்தான். அன்றைக்கு அவன் அழுதான். அந்த அழுகையை எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஹட்டன் ஸ்டேஷன் பக்கம் நிரோஷன் நின்றுகொண்டிருந்தான். ஜீப்பைப் பார்த்துக் கை தூக்கியவன், முன்சீட்டில் அக்காவைக் கண்டதும் கையை அப்படியே இறக்கிக்கொண்டான். திலக்ஷன் சாவியைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். நிரோஷன் ஏறி உட்கார்ந்தான்.

"வீட்டுக்கு வாக்கா. ஜெயந்தினி சமைச்சிருக்கா."

"மேல்பிரிவுக்கு ஓட்டு."

"அஞ்சு மணி ரயிலுக்கு ஆள் வருது. நோர்வூட் சந்தியில எறக்கி விடவா?"

"மேல்பிரிவுக்கு."

அவன் வண்டியை எடுத்தான். டிக்கோயா வந்தது, ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியும் வந்து போனது. கல் ரோட்டுக்குத் திரும்பியபோது மழை வலுத்திருந்தது. வேன் சறுக்கி நிற்கும் இடத்தில் நேற்று யாரோ சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கற்கள் அப்படியே கிடந்தன. ஜீப் அவற்றின்மேல் ஏறி இறங்கி, மூச்சு வாங்காமல் மேலே போனது. முள்ளு அசைகிறதா என்று நாகலெட்சுமி டீசல் காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"எப்ப இருந்து நிரோஷன்?"

அவன் அடுத்த வளைவில் கியரை மாற்றினான். "வண்டி சும்மாதானே நின்னுச்சி. எப்பயாவது ஒரு நோயாளி. மத்த நாளெல்லாம் கோயிலுக்குப் பின்னால நின்னு துருப்புடிச்சிக்கிட்டு இருந்துச்சி. நான் காலத்துக்கும் லொறி கழுவிக்கிட்டே இருக்கணுமா? திருடல அக்கா. வித்தாங்க, வேற ஆள் பேர்ல வாங்கினேன்."

"அந்த டீசல்? குடிக்குது குடிக்குதுன்னு சொல்லி வாங்கினியே, அது?"

அவன் முன்கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான்.

"வீரம்மா புருஷன் அதுக்குப் பயந்துதான்டா வண்டியக் கூப்பிடாமப் படுத்தாரு."

"அப்பிடி ஆகும்னு நெனச்சா சொன்னேன்?" அவன் குரல் உடைந்தது. "நான் நெனைக்கல. சத்தியமா நெனைக்கல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கூட்டத்துல எழும்பிக் கதைச்சிருப்பியா?" அவன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். "ஒனக்குப் பொய் சொல்ல வராதுக்கா. அதனாலதான் சொல்லல."

அதை அவன் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே தெரிந்த, பாசமான ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல்தான் சொன்னான். அவன் தன்னை ஏமாற்றினான் என்பதை நாகலெட்சுமி எப்படியாவது தாங்கிக்கொள்வாள். தன்னிடம் இருந்த நல்லதைப் பார்த்து, அளந்து, அதைக் கையில் எடுத்து ஊரை ஏமாற்றியிருக்கிறான். அன்று கூட்டத்தில் அடைத்தது அவளுடைய சொந்தத் தொண்டை. அந்த வார்த்தைகளும் அவளுடையவை. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட இனி அவளால் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

லயத்துக்குக் கொஞ்சம் கீழே, கொழுந்து நிறுக்கும் மடுவம் தெரியும் வளைவில் அவன் வண்டியை நிறுத்தினான்.

"இதுக்கு மேல நான் வரல. எறங்குக்கா."

அவள் இறங்கவில்லை. பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ரயிலுக்கு நேரமாகுது."

அவன் ஸ்டியரிங்கைத் தட்டினான். ரிவர்ஸ் போடப் போனான், போடவில்லை. அக்காவை இழுத்து இறக்கிவிடும் தைரியம் அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கடைசியில் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினான். கூரையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மாலைக் கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் மடுவத்திலிருந்து வரத் தொடங்கினார்கள். தலையில் ரப்பர் சீட், இடுப்பில் படங்கு, முதுகில் வெறும் கூடை. ஜீப்பைக் கண்டதும் முன்னால் வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நிறம் வேறாக இருந்தாலும் அவர்களுக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. யாரோ ஒருத்தி கதவில் ஈரக் கையால் தடவி, எழுத்து இருந்த இடத்தைத் தேடினாள். நிரோஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

வீரம்மா முன்பக்கமாக வந்தாள். நாளெல்லாம் மழையில் நின்ற கைகள் வெளிறிச் சுருங்கியிருந்தன. ஓடி வந்த இஞ்சினின் சூட்டில் பொனட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் பரப்பி வைத்து, குளிர் விடும் மட்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, பனி படிந்த கண்ணாடி வழியாக உள்ளே இருப்பது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

நாகலெட்சுமி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கத் தொடங்கினாள்.